பாஸ்போர்ட் முடியப்போகிறது: கோலாலம்பூரில் புதுப்பிப்பதா, ஊருக்குப் போய்ப் புதுப்பிப்பதா?

ஞாயிற்றுக்கிழமை மாலையில் பினாங்கு ஜார்ஜ் டவுன் லிட்டில் இந்தியா பக்கம் தேநீர் குடிக்கப் போனால், யாராவது ஒருவர் பிளாஸ்டிக் உறையில் போட்ட பாஸ்போர்ட்டை எடுத்து என் முன்னால் நீட்டிவிடுவார். நான் பாயான் லெப்பாஸில் ஒரு தொழிற்சாலையில் தரக்கட்டுப்பாட்டுப் பிரிவில் வேலை பார்ப்பவன். படிவம் நிரப்பத் தெரிந்தவன் என்று பெயர் வாங்கியதைத் தவிர, இதில் எனக்கு வேறு தகுதி கிடையாது. சென்ற அக்டோபரில் அப்படி நீட்டியவர் பட்டர்வொர்த்தில் ஒரு சாப்பாட்டுக் கடையில் சமையல் வேலை பார்ப்பவர். சொந்த ஊர் அறந்தாங்கிப் பக்கம்.

"தம்பி, ஆகஸ்ட் வரை தேதி இருக்கிறது. தையில் தங்கச்சிக்குக் கல்யாணம். அங்கே போகும்போதே புதுப்பித்துக்கொள்ளலாமா? இல்லை, கோலாலம்பூருக்கு அலைய வேண்டுமா?"

"பெர்மிட் எப்போது முடிகிறது, அண்ணே?" என்று கேட்டேன்.

மார்ச் 20 என்றார். அவருடைய கேள்விக்குப் பாதிப் பதில் அந்தத் தேதியிலேயே வந்துவிட்டது.

இதே கேள்வியோடு வருகிறவர்கள் கூடிக்கொண்டே இருப்பதால், ஒருமுறை எழுதியே வைத்துவிடலாம் என்று உட்கார்ந்தேன். இது இந்தியப் பாஸ்போர்ட்டோடு மலேசியாவில் வேலை பார்ப்பவர்களுக்கு. இங்குள்ள தமிழ் நாளிதழ்கள் கடப்பிதழ் என்று எழுதுகின்றன. நம் ஊர்ப் பத்திரிகைகளில் கடவுச்சீட்டு. நான் எல்லோர் வாயிலும் இருக்கிற சொல்லையே வைத்துக்கொள்கிறேன். அதேபோல் பி.எல்.கே.எஸ். என்ற தற்காலிக வேலை அனுமதியாக இருந்தாலும், இ.பி. என்ற எம்ப்ளாய்மென்ட் பாஸாக இருந்தாலும், இந்தக் கட்டுரையில் எல்லாம் 'பெர்மிட்'தான். ரிங்கிட்டை இங்கே நாம் சொல்வது போலவே வெள்ளி என்கிறேன்.

## எதை வைத்து எடைபோடுவது

பெரும்பாலோர் கட்டணத்தில் தொடங்குகிறார்கள். நான் அதைக் கடைசியில் வைப்பேன்.

பெர்மிட் தேதி. பாஸ்போர்ட்டில் 10 ஆண்டு என்று அச்சிட்டிருந்தாலும், வெளிநாட்டில் இருப்பவனுக்கு அது ஒன்பதரை ஆண்டுதான். மலேசியா உட்படப் பல நாடுகள் உள்ளே விடுவதற்கு 6 மாதமாவது மீதி இருக்க வேண்டும் என்கின்றன. அதைவிட முக்கியமானது, பெர்மிட்டைப் பாஸ்போர்ட் முடிகிற நாளைத் தாண்டிக் கொடுப்பதில்லை. ஆகவே, அடுத்த முறை பெர்மிட் எந்த நாள் வரை நீள வேண்டுமோ, அந்த நாளைப் பாஸ்போர்ட் தாண்டுகிறதா என்று பாருங்கள். அறந்தாங்கி அண்ணனுக்கு மார்ச்சிலிருந்து இன்னொரு ஆண்டு வேண்டும். பாஸ்போர்ட் ஆகஸ்டிலேயே நின்றுவிடுகிறது. அவருடைய உண்மையான கெடு மார்ச்கூட இல்லை. முதலாளி பெர்மிட் புதுப்பிப்புக்குத் தாள்களைச் சேர்க்கத் தொடங்கும் ஜனவரிதான் அவருக்குக் கெடு. நல்ல வேளையாக, காலாவதிக்கு ஓராண்டு முன்பிருந்தே மறுவழங்கலுக்கு, அதாவது பாஸ்போர்ட் புதுப்பிப்புக்கு, விண்ணப்பிக்கலாம்.

தாமதமானால் எங்கே மாட்டிக்கொள்வீர்கள். எந்த வழியில் போனாலும் தாமதம் நேரலாம். கோலாலம்பூரில் விண்ணப்பித்துவிட்டுத் தாமதமானால் பினாங்கில் வேலைக்குப் போய்க்கொண்டே காத்திருப்பீர்கள், சம்பளம் வந்துகொண்டிருக்கும். ஊரில் விண்ணப்பித்துத் தாமதமானால் திண்ணையில் உட்கார்ந்து தபால்காரரை எதிர்பார்த்துக்கொண்டிருப்பீர்கள், இங்கே பெர்மிட் நாள் கழிந்துகொண்டிருக்கும். என் கணக்கில் மற்ற எல்லா வேறுபாடுகளும் இதற்கு அடுத்துதான்.

திருத்தம் உண்டா. பெயர், பிறந்த தேதி, முகவரி, மனைவி பெயர் சேர்த்தல் என்று எதையாவது மாற்ற வேண்டுமா, அல்லது இருப்பது அப்படியே புதியதாக வந்தால் போதுமா.

விடுப்பு. எத்தனை நாள் கிடைக்கும், சம்பளத்தோடா, சம்பளம் இல்லாமலா.

பணம். கட்டணத்தோடு பயணச்செலவு, இழந்த கூலி, தேதி மாற்றிய விமான டிக்கெட் எல்லாவற்றையும் சேர்த்து.

## முதல் வழி: கோலாலம்பூரில் புதுப்பிப்பது

மலேசியா முழுவதற்குமான இந்தியத் தூதரகம் கோலாலம்பூர் மோன்ட் கியாராவில் இருக்கிறது. பலகையில் ஹை கமிஷன் என்றிருக்கும். காமன்வெல்த் நாடுகள் ஒன்றுக்கொன்று வைத்துக்கொள்ளும் தூதரகத்துக்கு அந்தப் பெயர். வேறு அலுவலகம் என்று நினைத்துக் குழம்ப வேண்டாம். பாஸ்போர்ட் சேவை இணையதளத்தில், வெளிநாட்டுத் தூதரகங்களுக்கான பகுதியில் கணக்குத் தொடங்கி, படிவத்தை நிரப்பி, அச்செடுத்து, கையெழுத்திட்டுக் கொண்டுபோக வேண்டும். விண்ணப்பத்தை எந்தக் கவுண்ட்டரில் வாங்குகிறார்கள், முன்பதிவு எப்படி என்பவை அவ்வப்போது மாறுகிறவை. நண்பர் இரண்டு ஆண்டுகளுக்கு முன் சொன்ன முகவரியை நம்பாமல், கிளம்புகிற வாரத்தில் தூதரகத் தளத்தைத் திறந்து பாருங்கள்.

பினாங்கிலிருந்து போகிறவர்களுக்குப் பயணமே ஒரு வேலை. சுங்கை நிபோங்கில் நள்ளிரவு பஸ் ஏறினால் விடிவதற்குள் கோலாலம்பூரின் டி.பி.எஸ். பஸ் முனையம். பட்டர்வொர்த்திலிருந்து இ.டி.எஸ். ரயிலில் போனால் நாலு மணி நேரச் சொச்சத்தில் கே.எல். சென்ட்ரல். இரண்டிலிருந்தும் மோன்ட் கியாராவுக்கு வாசல்வரை ரயில் கிடையாது. கடைசிப் பகுதிக்கு, கைபேசியில் அழைக்கும் கிராப் வாடகைக் கார்தான், காலை நெரிசலில் அதற்குத் தனியாக நேரம் ஒதுக்க வேண்டும். விமானத்தில் போகிறவர்களுக்கு ஒரு யோசனை: பெரிய விமான நிலையமான கே.எல்.ஐ.ஏ. நகரத்தைவிட்டு வெகு தொலைவு. சுபாங்கில் இறங்கும் சிறிய விமானம் கிடைத்தால், டிக்கெட் கொஞ்சம் கூடுதலானாலும் மோன்ட் கியாராவுக்குப் பக்கம்.

என் முதல் பயணத்தைச் சொல்கிறேன். இரவெல்லாம் பஸ்ஸில் கழுத்து வலிக்க உட்கார்ந்து, டி.பி.எஸ். கழிவறையில் முகம் கழுவி, கசங்காத சட்டை மாற்றிக்கொண்டு, முதல் ஆளாகப் போய் நின்றேன். வேறொரு வேலைக்காக எடுத்து மிச்சமிருந்த புகைப்படங்களை உறையில் போட்டு வைத்திருந்தேன். பின்னணி நீலம். கவுண்ட்டரில் இருந்த பெண் படத்தை விரலால் என் பக்கமாகத் தள்ளிவிட்டு, "வெள்ளை" என்று ஒரே சொல்தான் சொன்னார். பக்கத்தில் ஸ்டுடியோ தேடி, எடுத்து, திரும்பி வருவதற்குள் என் நேரம் போய்விட்டது. இன்னொரு நாள் விடுப்பு, இன்னொரு முறை பஸ். மூன்று வெள்ளி மிச்சம் பிடிக்கப் போய் நூற்றுக்கு மேல் செலவு. அன்றிலிருந்து யாருக்குப் படிவம் நிரப்பினாலும் புகைப்படத்தை முதலில் கேட்கிறேன்.

மறைந்திருக்கும் செலவு இங்கே இதுதான்: இரண்டாவது பயணம். இந்தியாவில் கட்டுவதைவிடக் கட்டணம் அதிகம் என்று எல்லோரும் புலம்புவார்கள். அது உண்மைதான், ஆனால் அது ஒருமுறை செலவு. ஒரு நகல் குறைந்து திரும்பி வந்தால் ஒரு நாள் கூலியும் போக்குவரத்தும் அப்படியே இரட்டிக்கும். பாஸ்போர்ட்டின் முதல் பக்கம், கடைசிப் பக்கம், பெர்மிட் உள்ள பக்கம், இ.பி. வைத்திருப்பவர்களானால் இ-பாஸ் அச்சுப்படி, இங்குள்ள முகவரிக்குச் சான்று, எல்லாவற்றிலும் இரண்டு நகல். கோலாலம்பூரில் நகல் கடை தேடுவது பினாங்கில் தேடுவதுபோல் எளிதல்ல, அதுவும் மோன்ட் கியாராவில்.

விடுமுறைப் பட்டியலையும் பாருங்கள். இந்தியாவின் ஜனவரி 26, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 மூன்றிலும் தூதரகம் மூடியிருக்கும். மலேசிய விடுமுறைகளில் சிலவும் சேரும். ஆகஸ்ட் மாதத்தில் போகிறவர்கள் மாதக் கடைசியில் மெர்டேக்கா நாளையும் நினைவில் வைக்க வேண்டும்.

எவ்வளவு நாள் ஆகும்? சொந்த விவரம் எதுவும் மாறாமல், பழைய பாஸ்போர்ட் இந்தியாவில் ஒழுங்காகச் சரிபார்க்கப்பட்டு வாங்கியதாக இருந்தால் சில வாரங்களில் முடிந்துவிடும். இந்தியாவிலிருந்து ஒப்புதல் வரவேண்டிய கோப்பாக இருந்தால் இழுக்கும். நான் சொல்வது, நாலு வாரம் என்று மனதில் வைத்து எட்டு வாரத்தைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள்.

விண்ணப்பம் கொடுக்கும் இடத்திலேயே ஒன்றைக் கேட்டுவிடுங்கள்: பழைய பாஸ்போர்ட் இன்றே என் கையில் திரும்புமா, புதியது வரும்வரை அங்கேயே இருக்குமா? அங்கே இருக்குமானால், ரசீதும் பாஸ்போர்ட் நகலும் எப்போதும் சட்டைப் பையில் இருக்க வேண்டும். குடிநுழைவுத் துறையினர் சோதனைக்கு வந்தால் 'கோலாலம்பூரில் கொடுத்திருக்கிறேன்' என்று வாயால் சொல்வது காதில் ஏறாது. அந்த வாரங்களில் ஊரில் யாருக்காவது உடம்புக்கு முடியாமல் போனால் உடனே கிளம்ப முடியாது என்பதையும் யோசித்துக்கொள்ளுங்கள். வயதான பெற்றோர் உள்ளவர்களுக்கு இந்த வழியின் பெரிய பயம் அதுதான்.

யாருக்கு இது: பெர்மிட் ஆறு ஏழு மாதத்துக்குள் முடிகிறவர்கள், திருத்தம் எதுவும் வேண்டாதவர்கள், ஊருக்குப் போகும் திட்டம் இப்போதைக்கு இல்லாதவர்கள். பினாங்கில் என்னைக் கேட்பவர்களில் பத்தில் ஏழு பேரை இங்கேதான் அனுப்புகிறேன்.

## இரண்டாம் வழி: விடுப்பில் ஊருக்குப் போய், சாதாரண முறையில்

இந்த வழியின் கவர்ச்சி புரிகிறது. எப்படியும் ஊருக்குப் போகிறோம். கோலாலம்பூரிலிருந்து திருச்சிக்கு நேராக இறங்கலாம். 2024 டிசம்பரிலிருந்து பினாங்கிலிருந்தே சென்னைக்கு நேர் விமானம் வந்துவிட்டது. 36 பக்கப் பாஸ்போர்ட்டுக்குக் கட்டணம் 1,500 ரூபாய், 60 பக்கத்துக்கு 2,000. படிவத்தையும் கட்டணத்தையும் பினாங்கில் இருந்தபடியே இணையத்தில் முடித்து, பாஸ்போர்ட் சேவா கேந்திரத்தில் நாள் குறித்துவிட்டு விமானம் ஏறலாம். சென்னை, திருச்சி, மதுரை, கோயம்புத்தூர் மண்டல அலுவலகங்களின் கீழ் கேந்திரங்கள் இருக்கின்றன. 2017க்குப் பிறகு தலைமை அஞ்சலகங்களிலும் திறந்துவிட்டார்கள். கேந்திரத்துக்குள் போய்விட்டால் ஏ, பி, சி என்று மூன்று கவுண்ட்டர், ஒன்றிரண்டு மணி நேரத்தில் வெளியே வந்துவிடலாம். இந்த ஒரு விஷயத்தில் நம் ஊர் அரசு அலுவலகங்களைப் பற்றி மற்றவர் சொல்லும் கதைகள் பழையவை.

சிக்கல் அதற்குப் பிறகு. கடைசிக் கவுண்ட்டரில் உங்கள் பழைய பாஸ்போர்ட்டை ரத்து செய்து கையில் கொடுத்துவிடுவார்கள். அந்த நிமிடத்திலிருந்து புதியது வரும்வரை நீங்கள் எந்த விமானமும் ஏற முடியாது. காவல் சரிபார்ப்பு உண்டா, முன்பா, பின்பா என்பதைப் பாஸ்போர்ட் அலுவலகம் முடிவு செய்யும். விவரம் எதுவும் மாறாத மறுவழங்கலில் பல நேரம் சரிபார்ப்பு தேவைப்படுவதில்லை, அல்லது பாஸ்போர்ட் கையில் வந்த பிறகு நடக்கும். அப்படியானால் ஒரு வாரத்தில் எல்லாம் முடிந்துவிடும். முன்பே நடக்க வேண்டும் என்று முடிவானால் உங்கள் விடுப்பு அதன் கையில்.

என்னோடு ஒரே வீட்டில் தங்கியிருந்த தஞ்சாவூர்ப் பையன் ஒருவன் 21 நாள் விடுப்பில் போனான். அவனுக்குச் சரிபார்ப்பு முன்பே என்று வந்துவிட்டது. வீட்டில் அக்கா கல்யாணம். காவலர் வந்த அன்று குடும்பமே மண்டபத்தில். வீட்டுக்குக் காவலாக விட்டுப்போன பாட்டிக்குக் காது கேட்காது. "பையன் எங்கே?" என்று கேட்டதற்கு, "மலேசியாவில்" என்று பாட்டி பெருமையோடு சொல்லிவிட்டார். முகவரியில் ஆள் இல்லை என்று தாள் திரும்பியது. மறுபடி மனு கொடுத்து, நிலையத்துக்கு நாலு முறை நடந்து, பாஸ்போர்ட் கைக்கு வந்தபோது அவன் டிக்கெட் இரண்டு முறை தேதி மாறியிருந்தது, 19 நாள் சம்பளம் போயிருந்தது. சேமித்தது கட்டணத்தில் ஒரு சொற்பத் தொகை.

மலேசியாவில் வேலை செய்வதைப் படிவத்தில் மறைத்தால் இதுபோல்தான் எங்காவது வெளிப்படும். வேலை வெளிநாட்டில், விடுப்பில் வந்திருக்கிறேன், இந்தத் தேதியில் திரும்ப வேண்டும் என்று சேவா கேந்திரத்திலேயே சொல்லி, பெர்மிட் நகலையும் காட்டுங்கள். பாஸ்போர்ட் விரைவுத் தபாலில் வரும். விண்ணப்பித்தவர் கையில்தான் கொடுப்பார்கள். ஆகவே தபால் வருகிற நாள்களில் கல்யாண அழைப்பிதழ் கொடுக்க ஊர் ஊராகச் சுற்றிக்கொண்டிருக்க முடியாது.

நாள் பார்க்கும்போது பொங்கல் வாரத்தைத் தவிருங்கள். தமிழ்நாட்டில் தொடர்ந்து விடுமுறை, ஜனவரி 26 வேறு. நம்மவர்கள் விடுப்பு எடுப்பதோ சரியாக அந்த மாதத்தில்தான்.

புதிய பாஸ்போர்ட்டோடு திரும்பும்போது பழையதையும் கைப்பையில் வைத்திருக்க வேண்டும், பெட்டிக்குள் போட்டு அனுப்பிவிடக் கூடாது. பெர்மிட் இன்னும் பழைய எண்ணில்தான் இருக்கிறது. திருச்சியில் விமான நிறுவனக் கவுண்ட்டரிலும், இங்கே இறங்கிய பிறகு குடிநுழைவுக் கவுண்ட்டரிலும் இரண்டையும் சேர்த்துக் காட்ட வேண்டியிருக்கும். வந்தவுடன் பெர்மிட்டைப் புதிய எண்ணுக்கு மாற்றும் வேலை முதலாளியுடையது. கோலாலம்பூர் வழியில் போனாலும் இந்த வேலை உண்டு. அதைப் பலர் மறந்துவிட்டு, அடுத்த பயணத்தில் விமான நிலையத்தில் விழிக்கிறார்கள்.

யாருக்கு இது: பாஸ்போர்ட்டிலும் பெர்மிட்டிலும் ஓராண்டுக்குப் பக்கத்தில் மீதி வைத்திருப்பவர்கள், ஒரு மாதத்துக்குக் குறையாத விடுப்பு உள்ளவர்கள், கீழே சொல்கிற திருத்தங்கள் தேவைப்படுகிறவர்கள்.

### பெயர் திருத்தம் பற்றிக் கொஞ்சம்

தமிழனுக்குப் பாஸ்போர்ட்டில் பாதித் தொல்லை இனிஷியலால் வருவது. முருகேசன் மகன் செல்வம் பள்ளிச் சான்றிதழில் மு. செல்வம். முதல் பாஸ்போர்ட்டில் ஏஜென்ட் நிரப்பியது செல்வம் முருகேசன், முழுவதும் பெயர்ப் பகுதியில். குடும்பப் பெயர்ப் பகுதி காலி. விமான டிக்கெட் போடும்போது அந்தக் காலிக் கட்டம் பிரச்சினை செய்கிறது. புதுப்பிக்கும்போது சரிசெய்துவிடலாமே என்று தோன்றும்.

பெர்மிட் ஓடிக்கொண்டிருக்கும்போது பெயரைத் தொடாதீர்கள் என்பது என் கருத்து. இங்குள்ள குடிநுழைவுக் கணினியில், முதலாளியின் கோப்பில், வங்கியில், காப்பீட்டில் பழைய பெயர் இருக்கும். புதிய எண்ணோடு புதிய பெயரும் வந்தால் ஒவ்வொரு கவுண்ட்டரிலும் விளக்கக் கடிதம். மாற்றியே தீர வேண்டுமென்றால் ஊரில் செய்யுங்கள்; பள்ளிச் சான்றிதழும் ஆதாரும் அங்கேதான் இருக்கின்றன. அதுவும் ஒரு வேலை முடிந்து அடுத்த வேலை தொடங்கும் இடைவெளியில் செய்தால் நல்லது.

## மூன்றாம் வழி: ஊரில் தட்கால்

சாதாரணக் கட்டணத்தோடு 2,000 ரூபாய் கூடுதல். 36 பக்கத்துக்கு மொத்தம் 3,500. முன்கூட்டிக் காவல் சரிபார்ப்பு தேவைப்படாத கோப்பானால் விண்ணப்பித்த நாளை விட்டு மூன்றாம் வேலை நாளில் அனுப்பிவைப்பதாகச் சொல்லியிருக்கிறார்கள். இரண்டு வார விடுப்பில் போகிறவருக்கு இதுதான் ஓரளவு பாதுகாப்பு. டிக்கெட் தேதி மாற்றும் செலவோடு ஒப்பிட்டால் 2,000 ரூபாய் ஒன்றுமே இல்லை. சாதாரண முறையில் போட்டுவிட்டு நகம் கடிப்பதைவிட இதில் போடுவது மேல்.

ஆனால் தட்கால் என்றால் உறுதி என்று நினைக்கிறார்கள். கட்டணம் கட்டியதால் மட்டும் அந்த வேகம் கிடைத்துவிடாது. தருவதா என்பதை அலுவலகம்தான் முடிவு செய்யும். ஆவணங்களும் கூடுதலாகக் கேட்பார்கள், அவற்றில் ஒன்றில் எழுத்து மாறியிருந்தாலும் சாதாரண வரிசைக்கு வந்துவிடுவீர்கள். ஆதாரில் ஒரு எழுத்துக் கூட்டல், வாக்காளர் அட்டையில் வேறு எழுத்துக் கூட்டல் என்று வைத்திருப்பவர்கள் பினாங்கில் இருக்கும்போதே எடுத்துப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். நாள் குறிப்பதும் விடுப்பின் முதல் இரண்டு நாளுக்குள் இருக்கட்டும். தாத்தா பாட்டியை அப்புறம் பார்க்கலாம்.

## ஏஜென்ட்

இதைத் தனி வழி என்று நான் எண்ணுவதில்லை. கோலாலம்பூர் மஸ்ஜித் இந்தியா பக்கத்திலும் இங்கே லிட்டில் இந்தியாவிலும் படிவம் நிரப்பித் தருகிறவர்கள் இருக்கிறார்கள். தட்டச்சுக்குப் பத்து இருபது வெள்ளி கொடுப்பதில் தவறில்லை. தவறு எங்கே என்றால், அசல் பாஸ்போர்ட்டை அவர் கையில் விட்டுவிட்டு வருவதிலும், நிரப்பியதைப் படிக்காமல் கையெழுத்திடுவதிலும். பொய் விவரம் கொடுத்தால் இந்தியப் பாஸ்போர்ட் சட்டம், 1967இன்படி இரண்டு ஆண்டு வரை சிறை உண்டு. அதில் சிக்குவது விண்ணப்பித்தவர், நிரப்பியவர் அல்ல. 'உள்ளே ஆள் இருக்கிறது, ஒரு வாரத்தில் வாங்கித் தருகிறேன்' என்று யாராவது சொன்னால் தேநீரைக் குடித்துவிட்டு எழுந்து வந்துவிடுங்கள்.

## பாஸ்போர்ட் முதலாளியிடம் இருந்தால்

சொல்லக் கூச்சப்படுகிற, ஆனால் பலருக்கு இருக்கிற சிக்கல். ஒருவருடைய பாஸ்போர்ட்டை உரிய அதிகாரம் இல்லாமல் மற்றவர் வைத்திருப்பது மலேசியாவின் 1966ஆம் ஆண்டுப் பாஸ்போர்ட் சட்டத்தில் குற்றம்: 10,000 வெள்ளி வரை அபராதம் அல்லது 5 ஆண்டு வரை சிறை, இரண்டும் சேர்ந்தும் வரலாம். இதை மேஜையில் அடித்துச் சொல்ல வேண்டியதில்லை. 'பெர்மிட் புதுப்பிக்கப் பாஸ்போர்ட் தேதி போதாது, நானே போய் மாற்றி வருகிறேன்' என்றால் பெரும்பாலான முதலாளிகள் கொடுத்துவிடுகிறார்கள். அவர்களுக்கும் ஆள் வேண்டும்.

## அவசரச் சான்றிதழ்

தூதரகத்தில் கிடைக்கும் ஒருவழித் தாள் இது. பாஸ்போர்ட் தொலைந்துபோய், அல்லது காலாவதியாகிவிட்ட நிலையில் உடனே இந்தியா போக வேண்டியவர்களுக்கு. இதில் போனால் திரும்பி வர முடியாது. ஊரில் புதிய பாஸ்போர்ட் வாங்கினால்தான் அடுத்த பேச்சு. தொலைந்தது என்றால் முதலில் இங்கே போலீஸ் புகார். பெர்மிட்டும் முடிந்திருந்தால் குடிநுழைவுத் துறையில் வெளியேறுவதற்குத் தனி அனுமதி வாங்க வேண்டும். அனுமதிக் காலம் தாண்டித் தங்குவது குடிநுழைவுச் சட்டத்தில் சிறை வரை போகக்கூடிய குற்றம். அப்பாவோ அம்மாவோ கவலைக்கிடம் என்ற நிலையில் இதைத் தவிர வேறு வழியில்லாமல் போகலாம். மற்றபடி இதைத் தேர்வு என்று சொல்ல மாட்டேன்.

## ஒரு பார்வையில்

| | கோலாலம்பூர் | ஊர், சாதாரணம் | ஊர், தட்கால் |
|---|---|---|---|
| கட்டணம் | இந்தியாவைவிட அதிகம் | 1,500 ரூபாய் (36 பக்கம்) | 3,500 ரூபாய் (36 பக்கம்) |
| ஒதுக்க வேண்டிய நாள் | 1 அல்லது 2 விடுப்பு; காத்திருக்க 8 வாரம் | குறைந்தது 4 வார விடுப்பு | 2 வார விடுப்பு |
| தாமதமானால் | வேலையும் சம்பளமும் தொடரும் | சம்பளம் போகும், பெர்மிட் கரையும் | அதேதான், வாய்ப்பு குறைவு |
| மறைந்த செலவு | இரண்டாவது பயணம் | டிக்கெட் தேதி மாற்றம், இழந்த கூலி | ஆவணம் பொருந்தாவிட்டால் சாதாரண வரிசை |
| பெயர், முகவரித் திருத்தம் | தவிர்க்கலாம் | ஏற்ற இடம் | அவசரத்தில் வேண்டாம் |

குழந்தைகள் உள்ளவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். சிறுவர் பாஸ்போர்ட் பொதுவாக 5 ஆண்டுதான். பெரியவருடையதோடு சேர்ந்து முடியாது. இருவரில் ஒருவர் இங்கே, ஒருவர் ஊரில் என்றால் பெற்றோர் இருவர் கையெழுத்தையும் எப்படிப் பெறுவது என்று முதலில் யோசித்துவிட்டு இடத்தை முடிவு செய்யுங்கள்.

36 பக்கமா, 60 பக்கமா என்று கேட்பவர்களுக்கு: நீண்ட விடுமுறை வந்தால் பாடாங் புசார் வழியே ஹட்யாய் போய் வருகிற பினாங்குக்காரராக இருந்தால் 60. ஒவ்வொரு முறையும் நாலு முத்திரை விழுகிறது. பக்கம் தீர்ந்ததற்காக நடுவில் ஒருமுறை மோன்ட் கியாரா ஓட வேண்டாம்.

சிப் வைத்த புதிய இ-பாஸ்போர்ட்டுக்காக மட்டும் புதுப்பிக்கவும் வேண்டாம். பழைய வகை அதன் தேதி வரை செல்லும்.

## ஈ.சி.ஆர். உள்ளவர்கள் தவறவிடுவது

பத்தாம் வகுப்புத் தேறாதவர்களின் பாஸ்போர்ட்டில் ஈ.சி.ஆர்., அதாவது குடிபெயர்வுச் சரிபார்ப்பு தேவை, என்று இருக்கும். வேலைக்குப் போகும்போது குடிபெயர்வு அனுமதி பெற வேண்டிய 18 நாடுகளில் மலேசியாவும் ஒன்று. இங்கேயே பல ஆண்டு வேலை பார்த்தவர்கள்கூட இதைத் தலையெழுத்து என்று விட்டுவிடுகிறார்கள். மூன்று ஆண்டுக்கு மேல் வெளிநாட்டில் தங்கியவர்களுக்கு இதை நீக்கிக்கொள்ள வழி இருக்கிறது. புதுப்பிக்கும்போதே கேட்க வேண்டும். கேட்காவிட்டால் பழையது அப்படியே புதியதிலும் ஏறிவிடும். சான்று உங்கள் பழைய பாஸ்போர்ட்டுகளில் இருக்கும் நுழைவு முத்திரைகளும் பெர்மிட் பக்கங்களும்தான். ரத்தான பாஸ்போர்ட்டை எறிந்துவிடாதீர்கள் என்று சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம். இந்த வேலைக்குக் கோலாலம்பூர் எனக்கு வசதியாகத் தெரிகிறது. இங்கே தங்கியிருப்பதற்கான சான்றுகள் எல்லாம் இங்கேயே கையில் இருக்கின்றன.

அறந்தாங்கி அண்ணனும் எட்டாம் வகுப்போடு நின்றவர், இங்கே வந்து ஆறு ஆண்டு. கணக்குப் போட்டுப் பார்த்தோம். தையில் மூன்று வாரம் ஊரில், பொங்கல் விடுமுறை நடுவில், மார்ச்சில் பெர்மிட். ஊர் என்றால் கல்யாண வீட்டில் இருந்துகொண்டு தபால்காரரைத் தேட வேண்டும். நவம்பரில் ஒரு செவ்வாய்க்கிழமை கடைக்கு விடுப்புச் சொல்லிவிட்டுக் கிளம்பினார். வெள்ளைப் பின்னணியில் புகைப்படம், எல்லாவற்றிலும் இரண்டு நகல், பழைய பாஸ்போர்ட்டுகள் இரண்டையும் ரப்பர் பேண்டு போட்டுக் கட்டிக் கொடுத்தனுப்பினேன்.

டிசம்பர் கடைசியில் ஒரு ஞாயிறு, அதே தேநீர்க் கடை. பிளாஸ்டிக் உறையும் அதே பழைய உறை. உள்ளே புதியது. முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை எச்சில் தொட்டு ஒவ்வொன்றாகத் திருப்பினார். அந்த மூன்று எழுத்து எங்கேயும் இல்லை. "விட்டுப்போயிருக்குமோ, தம்பி?" என்று கேட்டுவிட்டு மறுபடி முதல் பக்கத்திலிருந்து தொடங்கினார்.